ஜன்னல் பக்கத்து ஆணி

என் மேலதிகாரி சாயங்காலத்தில் போன் செய்தால் அது நல்ல செய்தியாக இருந்ததே இல்லை. மறுநாள் மீட்டிங் இருக்கும், இல்லாவிட்டால் போன மீட்டிங்குக்குக் கொடுத்த விவரத்தையே மறுபடி கேட்பார். அன்றைக்கு இரண்டும் இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நாளைக்குக் காலைல நம்ம ஆபீஸ் வராதீங்க. லஞ்ச ஒழிப்பு ஆபீஸுக்குப் போயிடுங்க. ஒரு திடீர் சோதனைக்குச் சாட்சி கேட்டிருக்காங்க, உங்க பேரைக் கொடுத்திருக்கேன். யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. வூட்லயும்தான்," என்று சொல்லி வைத்துவிட்டார்.

நான் செங்கல்பட்டில் வேளாண்மைத் துறையில் உதவியாளர். விதை, உரம், கரும்புப் பரப்பு, இதைத் தாண்டி என் மேசைக்கு எதுவும் வராது. லஞ்ச ஒழிப்புக்காரர்கள் ஓர் அலுவலகத்தில் சோதனைக்குப் போகும்போது சம்பந்தமில்லாத துறையிலிருந்து இரண்டு பேரைச் சாட்சியாகக் கூட்டிப்போவார்கள். எடுத்த பணத்தை எங்கிருந்து எடுத்தார்கள் என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் அலுவலகத்தில் இந்த வேலை யாருக்கு வந்தாலும் அவருக்கு உடனே காய்ச்சல் வந்துவிடும். எனக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை.

வீட்டிலும் சொல்லக் கூடாது என்றதுதான் சிக்கல். என் கணவரும் அரசு ஊழியர். மாமல்லபுரம் பக்கம், கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு சின்ன அலுவலகத்தில் கட்டட அனுமதிக் கோப்புகளைப் பார்க்கிறார். தினமும் திருக்கழுக்குன்றம் வழியாக ஸ்கூட்டரில் போய் வருவார். அவரிடம், "நாளைக்கு படாளம் பக்கம் கரும்பு பாக்கப் போறோம், வர லேட் ஆகும்," என்று சொன்னேன். "வெயில்ல சுத்தாத, தொப்பி கிப்பி எடுத்துகினு போ," என்றார். இப்படி அக்கறையாகப் பேசுகிற மனுஷனிடம் பொய் சொல்லிவிட்டோமே என்று எனக்கே கஷ்டமாக இருந்தது.

காலையில் அவர் குளித்துக்கொண்டிருந்தபோது இன்னொரு வேலை செய்தேன். மகள் சிறுசேரியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்து அங்கேயே விடுதியில் இருக்கிறாள். அவளுக்குத் தெரியாமல் ஒரு ஜோடி கம்மல் செய்யச் சொல்லித் திருக்கழுக்குன்றத்தில் ஆசாரியிடம் கொடுத்திருந்தேன். அன்றைக்குத் தயாராகிவிடும் என்று சொல்லியிருந்தார். சீட்டுப் பணத்தை ஒரு மருந்துக்கடை கவரில் போட்டு, ரப்பர் பேண்ட் சுற்றி, கணவரின் சாப்பாட்டுப் பையின் வெளிப் பாக்கெட்டில் தண்ணீர் பாட்டிலுக்கு அடியில் வைத்தேன். திரும்பி வரும்போது வாங்கி வந்துவிடுவார். குளித்துவிட்டு வந்ததும் சொல்லலாம் என்றிருந்தேன். அதற்குள் பால்காரர் வந்தார், குக்கர் கத்தியது, அவரும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். சரி, மத்தியானம் போனில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

லஞ்ச ஒழிப்பு அலுவலகத்தில் போய் உட்கார்ந்ததும் முதலில் ஒரு துணிப் பையை நீட்டினார்கள். "போனை இதுல போடுங்கம்மா. வேலை முடிஞ்சதும் தருவோம்." போட்டேன். பையின் வாயைக் கட்டிய பிறகுதான், மத்தியானம் அவருக்குப் போனில் சொல்ல முடியாது என்பது எனக்கு உறைத்தது.

எந்த ஊர் என்று சொல்லவில்லை. எந்தத் துறை என்றும் சொல்லவில்லை. கூட வந்த இன்னொரு சாட்சி, புள்ளிவிவரத் துறையில் இருப்பவர், என் பக்கமாகச் சாய்ந்து, "எங்க இட்டுகினு போறாங்கன்னு கடைசி வரைக்கும் சொல்ல மாட்டாங்க மேடம். போன தபா என்னை மதுராந்தகம்னு சொல்லி ஏத்திட்டு வேற எங்கயோ எறக்குனாங்க. சாப்பாடு மட்டும் நல்லா வாங்கிக் குடுப்பாங்க," என்று சிரித்தார். அவருக்கு இது பிக்னிக் மாதிரி இருந்தது.

வேனில் ஏறியதும் இன்ஸ்பெக்டர் எங்களுக்கு விளக்கினார். ஐம்பதைத் தொடும் வயது, நெற்றியில் விபூதி, பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி பேச்சு. "உள்ள போனதும் கதவைச் சாத்திடுவோம். யாரும் வெளிய போகக் கூடாது. ஒவ்வொருத்தரும் காலைல வரும்போது கையில எவ்வளவு வெச்சிருந்தேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பாங்க இல்ல, நீங்களும்தான் உங்க ஆபீஸ்ல போடுவீங்க. அதுக்கு மேல அவங்க பாக்கெட்லயோ, டிராயர்லயோ, பையிலயோ ஒரு ரூபா இருந்தாலும் கணக்கில் வராத பணம்தான். எங்கிருந்து வந்துச்சுன்னு அவங்கதான் சொல்லணும்."

பையிலயோ என்று அவர் சொன்னதும் அந்த மருந்துக்கடை கவர் ஞாபகம் வந்தது. என் கணவர் சட்டைப் பையில் இருப்பதை மட்டும் எழுதியிருப்பார். பாட்டிலுக்கு அடியில் இருப்பது அவருக்குத் தெரியாது. நானே என் கையால் அவரைக் குற்றவாளி ஆக்கி அனுப்பியிருந்தேன்.

வண்டி செங்கல்பட்டைத் தாண்டியது. ஜி.எஸ்.டி. ரோடு பக்கம் திரும்பினால் பயமில்லை, கூடுவாஞ்சேரியோ மதுராந்தகமோ போகட்டும். டிரைவர் திருக்கழுக்குன்றம் ரோட்டில் திருப்பினார். என் கணவர் தினமும் போகிற ரோடு.

"ஒரு போன் பண்ணிக்கலாமா சார்? வீட்ல மாமியாருக்கு உடம்பு சரியில்ல," என்றேன். இன்ஸ்பெக்டர் திரும்பி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் கூடத் தேவலை, பொறுமையாகப் பார்த்தார். "அவசரம்னா எங்க நம்பர்ல இருந்து நாங்களே பேசிச் சொல்றோம்மா. நம்பர் சொல்லுங்க." நான் வேண்டாம் என்றுவிட்டேன். எங்கள் வீட்டில் மாமியாரே கிடையாது.

திருக்கழுக்குன்றம் மலை தெரிந்தது. ஆசாரி கடை இருக்கும் தெரு முனையைத் தாண்டினோம். பக்கத்திலிருந்தவர் இன்ஸ்பெக்டரிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டு வந்தார். "இப்பல்லாம் யார் சார் கையில வாங்குறான்? எல்லாம் உஷாரா கீறானுங்க."

"பணமா மட்டும் வந்தா எங்க வேலை சுலபமாச்சே," என்றார் இன்ஸ்பெக்டர். "வீட்டுக்கு மீன் வரும். பொண்ணுக்கு காலேஜ் சீட்டு வரும். விசேஷத்துக்கு மண்டபம் பாதி வாடகைக்குக் கிடைக்கும். அண்ணன் மகனுக்கு கான்ட்ராக்ட் வரும். இது எதுவுமே வேணாம், ஒரு கோப்பைத் திறக்காம தூங்க வெச்சாலே போதும்னு கூட ஒருத்தன் இருப்பான். அதுக்கும் ஒரு விலை இருக்கு. எதுக்கும் சாட்சி கிடையாது. நாங்க பிடிக்கிறது எல்லாம் அசமந்தமா இருக்கிறவங்களைத்தான்."

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி என் வீட்டைச் சோதனை போட்டுக்கொண்டிருந்தேன். மீன் வந்திருக்கிறது. "குப்பத்துல தெரிஞ்ச பையன் குடுத்தான், வேணாம்னா கேக்க மாட்டேங்கிறான்," என்று சொல்லி இறால் கொண்டுவந்திருக்கிறார். தொக்கு செய்து தெருவுக்கே கொடுத்திருக்கிறேன். மகளின் மஞ்சள் நீராட்டுக்கு மண்டபக்காரர் வாடகையைக் குறைத்தார். என் சாமர்த்தியத்தில்தான் குறைந்தது என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் பணம் வாங்குகிற ஆள் இல்லை அவர். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கொஞ்ச நாளாகச் சாப்பிடும்போதெல்லாம் ஒரு பார்ட்டியைப் பற்றித் திட்டிக்கொண்டிருந்தார். கடலுக்கு ரொம்பக் கிட்டே, சவுக்குத் தோப்பை ஒட்டி, குப்பத்து ஆட்கள் வலை தூக்கிக்கொண்டு போகிற வழியை அடைத்துச் சுவர் கட்ட அனுமதி கேட்கிறானாம். "பேப்பர் ஒண்ணு கூட சரியில்ல. முடியாதுன்னு சொல்லிட்டேன். திரும்பத் திரும்ப வந்துகினே கீறான்," என்றார். அப்படிச் சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது. அப்பேர்ப்பட்டவரைத்தான் ஒரு ஜோடி கம்மலுக்காக மாட்டிவிடப் போகிறேன்.

வேன் கடற்கரைச் சாலைக்கு வந்து அவர் அலுவலகம் இருக்கும் பக்கமாகவே போனது. தூரத்தில் பலகை தெரிந்தது. வாசலில் வேப்ப மரத்தடியில் அவருடைய ஸ்கூட்டர் நின்றது, சீட்டில் நான் தைத்துப் போட்ட உறையோடு. முன்னால் ஒரு சுற்றுலா பஸ் திரும்ப முடியாமல் நின்றதால் எங்கள் வண்டி மெதுவாகி, சரியாக அந்த வாசலில் நின்றுவிட்டது. இன்ஸ்பெக்டர் கதவுப் பக்கம் நகர்ந்தார். இறங்கி முன்னால் ஓடிவிடலாமா, "சார், அது என் பணம்," என்று இப்போதே சொல்லிவிடலாமா, சொன்னால் வீட்டுக்காரர் ஆபீஸ் என்று தெரிந்தே வந்தாயா என்று கேட்பார்களா, எனக்கு ஒன்றும் ஓடவில்லை. சாமியைக் கூப்பிடக் கூட எந்தச் சாமி என்று தோன்றவில்லை.

இன்ஸ்பெக்டர் கதவைத் திறந்து வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு மூடிக்கொண்டார். பஸ் நகர்ந்தது. வண்டி போய்க்கொண்டே இருந்தது.

"இன்னா மேடம், இப்பிடி வேர்க்குது? ஏசி போடச் சொல்லவா?" என்று பக்கத்திலிருந்தவர் கேட்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

சோதனை நடந்தது இன்னும் கொஞ்ச தூரம் தள்ளி வேறோர் அலுவலகத்தில். அதன் பெயர் எதற்கு? உள்ளே போனதும் கதவைச் சாத்தினார்கள். அத்தனை நேரம் பேச்சும் டீயுமாக இருந்த இடம் அப்படியே அடங்கியது. டிராயர்களில் பெரிதாக ஒன்றும் இல்லை. இன்ஸ்பெக்டர் நாற்காலிகளைக் கூடப் பார்க்கவில்லை. நேராக ஜன்னலோரம் போனார். அங்கே சுவரில் வரிசையாக ஆணி அடித்து, சாப்பாட்டுப் பைகளை மாட்டியிருந்தார்கள்.

என் கணவரின் அலுவலகத்திலும் இப்படித்தான் இருக்கும். ஒருமுறை போனபோது கேட்டேன். "கீழ வெச்சா எறும்பு வருதும்மா, அதான்," என்றார். அரசுக் கட்டடம் என்றால் எறும்பு இல்லாமலா என்று நானும் விட்டுவிட்டேன்.

இன்ஸ்பெக்டர் எங்களைப் பக்கத்தில் கூப்பிட்டார். "நல்லா பாத்துக்கோங்க. ஜன்னலுக்கு வெளிய வராண்டா. பார்ட்டி அங்க நின்னு பேசுவான். பேசிகிட்டே கம்பிக்குள்ள கையை விட்டு பையோட வெளிப் பாக்கெட்ல போட்டுட்டுப் போயிடுவான். இவரு வாங்கவும் இல்ல, அவரு குடுக்கவும் இல்ல. சாயங்காலம் பையை எடுத்துட்டு வீட்டுக்குப் போனா முடிஞ்சுது." ஒரு பச்சைப் பையின் பாக்கெட்டில் கையை விட்டு மடித்த நோட்டுகளை எடுத்தார்.

அந்தப் பையின் சொந்தக்காரர் முப்பது வயதுக்காரர். முகம் வெளுத்துவிட்டது. "சார், என் சம்சாரம் வெச்சிருப்பா சார். எனக்குத் தெரியாது சார், சத்தியமா."

எல்லாரும் சிரித்தார்கள். அவருடைய சக ஊழியர்கள் கூட. என்னால் சிரிக்க முடியவில்லை. அந்த அறையில் அவர் சொன்னதை நம்பியது நான் ஒருத்திதான். இப்போது என் கணவர் இதே வார்த்தையைச் சொல்லியிருந்தால் இப்படித்தானே சிரித்திருப்பார்கள்?

இன்ஸ்பெக்டர் அவர் வீட்டு எண்ணை வாங்கி, ஸ்பீக்கரில் போட்டார். "அம்மா, உங்க வீட்டுக்காரர் பையில இன்னைக்குப் பணம் ஏதாவது வெச்சீங்களா?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மிக்ஸி சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அது நின்றது. "ஆமா சார், நான்தான் வெச்சேன்."

"எவ்வளவு வெச்சீங்க?"

ரொம்பச் சின்னக் குரலில், "எவ்வளவுன்னு சொல்லணும் சார்?"

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அந்த ஆள் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். எடுத்த பணத்தை எழுதிய மகஜரில் நான் கையெழுத்துப் போடும்போது அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். யாரோ தெரியாத அந்தப் பெண் இப்போது மிக்ஸி பக்கத்தில் நின்றுகொண்டு என்ன செய்வாள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெயில் தாழ்ந்து செங்கல்பட்டு திரும்பியதும் போனைக் கொடுத்தார்கள். இன்ஸ்பெக்டர் தன் எண்ணையும் கொடுத்தார். "உங்களுக்குத் தெரிஞ்ச இடத்துல இப்படி எதாவது நடந்தா ஒரு போன் போடுங்கம்மா. பேர் வெளிய வராது." சரி சார் என்று பதிந்துகொண்டேன்.

போனில் மகள் கூப்பிட்டிருந்தாள். என் மேலதிகாரி கூப்பிட்டிருந்தார். கணவர் கூப்பிடவில்லை. ஆட்டோவில் போகும்போது அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் சாப்பிடும்போது தண்ணீர் பாட்டிலை எடுத்திருப்பார். கவர் கையில் பட்டிருக்கும். என்ன பணம் இது என்று என்னைக் கேட்டிருக்க வேண்டாமா? எதற்கெடுத்தாலும், ஊறுகாய் வைக்க மறந்தால் கூட, போன் போடுகிற மனுஷன். ஒருவேளை கவனிக்கவில்லையோ என்னவோ.

வீட்டுக்குள் நுழைந்ததும் பையைத்தான் பார்த்தேன். சமையல் மேடையில் இருந்தது. வெளிப் பாக்கெட்டில் பாட்டில் மட்டும் இருந்தது.

அவர் முகம் கழுவிக்கொண்டு, நல்ல உற்சாகத்தில் இருந்தார். "படாளத்துல வெயில் எப்படி?" என்றார். "பரவால்லீங்க," என்றேன். டீ போட்டுக் கொடுத்தேன். அவராகச் சொல்வார் என்று காத்திருந்தேன். டீயை உறிஞ்சிக்கொண்டே, "அந்தச் சுவர் பார்ட்டி இருக்கான் இல்ல, அவன் பேஜாரை இன்னைக்கு முடிச்சிட்டேன்," என்றார்.

"பேப்பர் சரியில்லன்னு சொன்னீங்களே?"

"சரி பண்ணிகினு வந்தான். காலைல இருந்து ஜன்னலாண்டயே நின்னுகினு இருந்தான், பாவம்."

என் கையிலிருந்த கரண்டியை மேடையில் வைத்தேன். அடுத்துக் கேட்கப் போவதைக் கேட்காமல் இருந்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. கேட்காமல் இருந்தால் எல்லாம் அப்படியே இருக்கும். ஆனால் வாய் கேட்டுவிட்டது. "ஏங்க, பாட்டிலுக்கு அடியில ஒரு கவர் இருந்துச்சா?"

டம்ளர் பாதி வழியில் நின்றது. "கவரா? இன்னா கவர்? ஒண்ணும் இல்லையே."

"கம்மலுக்குப் பணம் வெச்சிருந்தேன். ஆசாரிகிட்ட குடுத்து வாங்கிட்டு வருவீங்கன்னு. காலைல சொல்ல மறந்துட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். முதலில் புரியாமல்தான் பார்த்தார். பிறகு மெல்ல மெல்ல அவர் முகம், மத்தியானம் அந்த அலுவலகத்தில் சுவரோடு சாய்ந்த ஆளின் முகம் மாதிரியே ஆனது.

"அது நீ வெச்சதா?" என்றார். பிறகு எனக்கு இல்லை, தனக்கே சொல்வதுபோல, "அப்போ அவன் வெக்கலையா? நான் ஓகேன்னு நோட் எழுதி ஃபைலை மேல அனுப்பிட்டேனே."

காலையிலிருந்து நான் பட்ட பயமெல்லாம் இந்த மனுஷனை யாரும் தப்பாக நினைத்துவிடக் கூடாதே என்றுதான். இப்போது வந்த பயம் வேறு. சமையலறையில் அவருக்கும் எனக்கும் நடுவில் ஓர் ஆள் தூரம் கூட இல்லை, எனக்குப் பின்னால் நகர வேண்டும்போல இருந்தது. இவரோடுதான் இத்தனை வருஷம் ஒரே தட்டில் மீன் முள் எடுத்துச் சாப்பிட்டேன்.

நான் கத்துவேன் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. நான் அடுப்பை அணைத்தேன். அவர் எழுந்து பீரோவிலிருந்து கவரை எடுத்து வந்து மேடையில் வைத்தார். நான் சுற்றிய ரப்பர் பேண்ட் சுற்றியபடியே இருந்தது. பிரித்துக் கூடப் பார்க்கவில்லை. "கம்மலை நீயே போய் வாங்கிக்கோ," என்றார். பிறகு போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். கதவைச் சாத்தினாலும் காதில் விழுந்தது. "சார், உங்க சுவர் வேலை முடிஞ்சுது. நாளைக்கு அந்தப் பக்கம் வந்தா ஒரு எட்டு ஆபீஸாண்ட வந்துட்டுப் போங்க." என்னிடம் தொப்பி எடுத்துக்கொண்டு போ என்று சொன்ன அதே அக்கறையான குரல்.

நான் பையை எடுத்துச் சோப்புத் தண்ணீரில் முக்கி வைத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

காலையில் சாப்பாட்டு டப்பாவை ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நேற்று நடந்ததைப் பற்றி ஏதாவது சொல்லப் போகிறார், மன்னிப்பு கின்னிப்பு கேட்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"இதுல வெளிய பாக்கெட் இல்லையே," என்றார்.

நான் அப்போதுதான் அலசிக் கொடியில் போட்டிருந்த பையை அவர் எடுத்து, தண்ணீர் சொட்டச் சொட்டப் பிழிந்து உதறினார். டப்பாவை அதற்கு மாற்றி, பாட்டிலை வெளிப் பாக்கெட்டில் செருகி, படியிறங்கிப் போனார். ஸ்கூட்டர் கிளம்பித் தெருமுனை திரும்பும் வரை கேட்டுக்கொண்டிருந்தேன். போன் என் கையில் இருந்தது. இன்ஸ்பெக்டரின் எண் மேலேயே இருந்தது, மகளின் எண்ணுக்கு அடுத்தபடியாக. அவர் போய்ச் சேர்ந்து அந்தப் பையை ஆணியில் மாட்டுகிற நேரம் வரைக்கும் அப்படியே நின்றிருந்தேன்.